கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: அந்த ஓக் சுவருக்கு உண்மையில் என்ன வயது?

கேள்வி இது: “இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் கிரீன்ஸ்டெட் என்ற சிற்றூரில் இருப்பதுதான் உலகின் மிகப் பழைய மரத் தேவாலயம் என்று படித்தேன். ஓரிடத்தில் கி.பி. 845 என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 1060 என்கிறார்கள். எது சரி? லண்டனில் இருந்து மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?”

845 என்பது பழைய கணக்கு, அதை விட்டுவிடலாம். 1060-ஐ ஒட்டிய காலம் என்பதே இன்று ஏற்கப்படுவது, அதைவிடச் சில பத்தாண்டு பிந்தியதாகவும் இருக்கலாம். மிகப் பழைய மரத் தேவாலயம் என்ற பெயர் இந்தப் புதிய கணக்குக்குப் பிறகும் அதற்கே வழங்குகிறது. ‘உலகின் மிகப் பழைய மரக் கட்டடம்’ என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானின் ஹோர்யூஜி பௌத்தக் கோயில் இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தேவாலயத்தில் பெரிய அரசர் யாரும் முடிசூடவில்லை, பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஓர் ஆங்கிலக் கிராமம் ஆயிரம் ஆண்டு எப்படி வாழ்ந்தது என்பதைச் சுவரிலேயே படிக்கக்கூடிய இடம் இது.

ஊரின் முழுப்பெயர் கிரீன்ஸ்டெட்-ஜக்ஸ்டா-ஓங்கர், அதாவது ஓங்கருக்குப் பக்கத்தில் இருக்கும் கிரீன்ஸ்டெட். சிப்பிங் ஓங்கர் என்ற சிறு நகரில் இருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மைல். தேவாலயம் புனித அந்திரேயாவின் பெயரில் இருக்கிறது. கட்டடம் மிகச் சிறியது: மக்கள் அமரும் நடுக்கூடம், கிழக்கே செங்கல்லில் கட்டிய பீடப்பகுதி, மேற்கே வெள்ளை அடித்த பலகை மணிக்கோபுரம். இந்த மூன்றும் வெவ்வேறு காலத்தவை. நாம் பேசுவது நடுக்கூடத்தின் சுவர்களைப் பற்றி.

ஓக் மரத்தண்டை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றோடு ஒன்று நெருக்கிச் சுவராக்கியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் தண்டின் உருண்டை முதுகு தெரியும், உள்ளே போனால் தட்டையான முகம் தெரியும். அந்தத் தட்டை முகத்தை வாச்சியால் செதுக்கிச் சமன் செய்திருக்கிறார்கள். இரண்டு தண்டுகள் சேரும் இடத்தில் வெறுமனே ஒட்டி நிறுத்தினால் காற்றும் சாரலும் உள்ளே வரும் அல்லவா? அதற்காக இரண்டின் விளிம்பிலும் காடி எடுத்து, நடுவே ஒரு மெல்லிய மரச் சட்டத்தை நாக்கு போலச் செருகியிருக்கிறார்கள். மூலைகளில் முழுத் தண்டை வைத்து, உட்புறம் பார்க்கும் கால் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் வெளியே உருண்டை கெடாமல், உள்ளே மூலை சரியாகப் பொருந்துகிறது. இப்படி 51 தண்டுகள். இதைச் செய்தவருக்கு மரம் காயும்போது எந்தப் பக்கம் சுருங்கும், எங்கே வெடிக்கும் என்பதெல்லாம் அத்துபடியாக இருந்திருக்க வேண்டும். ஒன்பது நூற்றாண்டுக்கு மேலாகியும் சுவர் நிற்கிறது என்பதே அதற்குச் சான்று.

ஏன் மரம்? எசெக்ஸில் கட்டடத்துக்கு உதவும் நல்ல கல் கிடையாது. சக்கிமுக்கிக் கல்லும் களிமண்ணும் உண்டு, ஓக் காடு நிறைய உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஊர்ப்புறத் தேவாலயங்களில் பெரும்பாலானவை மரத்தால்தான் கட்டப்பட்டிருக்கும். மற்றவை எரிந்தன, இற்றுப்போயின, அல்லது கையில் காசு வந்ததும் இடிக்கப்பட்டுக் கல்லில் எழுந்தன. கிரீன்ஸ்டெட் சின்ன ஊர். இடித்துக் கட்ட ஆளும் இல்லை, பணமும் இல்லை. அது தப்பியதற்கு அதன் வறுமை ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, வயதுக் கணக்குக்கு வருவோம். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். செழிப்பான ஆண்டின் வளையம் அகலமாக இருக்கும், மோசமான ஆண்டின் வளையம் ஒடுங்கி இருக்கும். இந்த அகலமும் ஒடுக்கமும் மாறி மாறி வரும் வரிசை ஒரே வட்டாரத்து மரங்களில் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆகவே, காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்து, கையில் இருக்கும் மரத்தின் ஒவ்வொரு வளையமும் எந்த ஆண்டுக்குரியது என்று சொல்ல முடியும். 1960களில் இந்த முறை இன்னும் வளராத நிலையில் அளந்து பார்த்தபோது 845 என்று கிடைத்தது. ஒப்பிட நல்ல வரிசைகள் அப்போது போதுமான அளவு இல்லை. ஆனாலும் அந்த எண் புத்தகங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் ஏறிவிட்டது. இன்றுவரை இறங்க மறுக்கிறது.

1995இல் மறுபடி அளந்தார்கள். தண்டுகளில் மிஞ்சியிருக்கும் கடைசி வளையம் 1053ஆம் ஆண்டுக்குரியது என்று வந்தது. அப்படியானால் 1053இல் வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாமா? முடியாது. இங்கேதான் தச்சு வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும் ஒரு விஷயம் இருக்கிறது. மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த பகுதி, அதைச் சுற்றி வெளிறு, அதற்கும் வெளியே பட்டை. வெளிறு பூச்சி அரிக்கும், சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் வேலைக்கு எடுக்கும்போதே அதைச் செதுக்கித் தள்ளிவிடுவது வழக்கம். கிரீன்ஸ்டெட் தண்டுகளில் வெளிறு இல்லை. அந்த ஊர் ஓக் மரத்தில் வெளிற்றுப் பகுதி பொதுவாக 10 முதல் 55 வளையம் வரை இருக்கும். இழந்த வளையங்களைக் கூட்டினால், மரம் வெட்டப்பட்டது 1063க்கும் 1108க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டில். ‘1060 வாக்கில்’ என்று எழுதுகிறவர்கள் இந்த வரம்பின் முன்கோடியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த வரம்புக்குள் 1066 வருவதைக் கவனியுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் நார்மண்டியின் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைப் பிடித்தார். ஆட்சி, நிலவுடைமை, மேட்டுக்குடியின் மொழி எல்லாம் தலைகீழாக மாறின. கிரீன்ஸ்டெட் சுவரை எல்லோரும் சாக்சன் சுவர், அதாவது நார்மன்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்து ஆண்ட மக்களின் சுவர் என்கிறார்கள். ஆனால் 1063-1108 என்ற கணக்கில் பெரும்பகுதி நார்மன் ஆட்சிக் காலத்தில் விழுகிறது. அப்படி இருந்தால் எனக்கு அது இன்னும் பிடிக்கும். மேலே அரசன் மாறிவிட்டான், கோட்டைகள் கல்லில் எழத் தொடங்கிவிட்டன, இந்த ஊர்த் தச்சர் மட்டும் தன் தகப்பன் கற்றுக்கொடுத்த முறையிலேயே தண்டைப் பிளந்து காடி எடுத்துக்கொண்டிருக்கிறார். அரசு மாறிய வேகத்தில் கைத்தொழில் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இடம் மட்டும் சுவரைவிடப் பழையது. 1960இல் பீடப்பகுதியின் தரைக்கு அடியில் தோண்டியபோது, இதற்கு முன்பே அங்கே இருந்த இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. அவை 6, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று கருதுகிறார்கள். கிழக்குச் சாக்சன்களிடையே கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித செட் இந்தப் பகுதிக்கு வந்தது 654ஐ ஒட்டி. அந்தக் காலத்தோடு இது ஓரளவு பொருந்துகிறது.

அப்புறம், புனித எட்மண்ட் கதை. நீங்கள் படித்த கட்டுரையில் இதுவும் வந்திருக்கும். எட்மண்ட் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர், 869இல் டேனியப் படையிடம் உயிரிழந்தவர். அவருடைய உடல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்று இன்று அழைக்கப்படும் ஊரில் இருந்தது. டேனியர் மறுபடி வந்தபோது 1010இல் பாதுகாப்புக்காக அதை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள், 1013இல் திருப்பி எடுத்துவந்தார்கள். வழியில் ஓங்கருக்கு அருகே ஒரு மரக் கோயிலில் உடலை வைத்திருந்ததாக மடத்துப் பழங்குறிப்பு ஒன்று சொல்கிறது. 845 கணக்கை நம்பிய காலத்தில், உடல் தங்கியது இதே சுவருக்குள்தான் என்று உறுதியாகச் சொன்னார்கள். இன்று அப்படிச் சொல்ல முடியாது. 1013இல் இந்த மரங்கள் காட்டில் நின்றுகொண்டிருந்தன. உடல் கிரீன்ஸ்டெட்டில் தங்கியிருந்தால், இதற்கு முன்பு அங்கே நின்ற கோயிலில் தங்கியிருக்கும். கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சுவரை மட்டும் அதிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். நார்மன் காலத்தில் சக்கிமுக்கிக் கல்லால் பீடப்பகுதி கட்டினார்கள், அதன் எச்சம் தெற்குச் சுவரின் அடியில் இன்னும் தெரிகிறது. 1500 வாக்கில் அதைச் செங்கல்லில் புதுப்பித்தார்கள். டியூடர் அரச வம்சத்தின் காலத்தில் (1485-1603) கூரை வேய்ந்த வைக்கோல் போய் ஓடு வந்தது. ஆதியில் ஜன்னலே இல்லாத கூடம் அது, விளக்கு வெளிச்சத்தில்தான் வழிபாடு. டியூடர் காலத்தில்தான் கூரைச் சரிவில் சிறு ஜன்னல்களை எழுப்பி வெளிச்சம் விட்டார்கள். கோபுரம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அங்குள்ள மணி ஒன்றில் ‘வில்லியம் லாண்ட் என்னைச் செய்தார், 1618’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அந்தக் காலத்தில் மணி வார்ப்பவர்கள் மணியே பேசுவதுபோலத் தங்கள் பெயரை இடுவது வழக்கம்.

வடக்குச் சுவரில் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. தொழுநோயாளிகள் உள்ளே வர அனுமதி இல்லாததால் வெளியே நின்று அதன் வழியாக வழிபாட்டைப் பார்த்தார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உருக்கமான கதைதான், ஆனால் பொருந்தவில்லை. துவாரம் பழைய வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுழைகிறவர்கள் விரல் தொட்டுச் சிலுவை இட்டுக்கொள்ளத் தீர்த்தம் வைத்த மாடமாக அது இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் பல பழைய தேவாலயங்களில் விளங்காத துவாரத்துக்கெல்லாம் இதே தொழுநோயாளிக் கதையை ஒட்டிவைத்திருக்கிறார்கள். எங்கே கேட்டாலும் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.

இனி நான் விரிவாகச் சொல்ல விரும்பும் பகுதி. அதற்கு முன் ‘பங்கு’ என்ற அமைப்பைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு காணி நிலமும் ஏதாவது ஒரு தேவாலயத்தின் பங்கு எல்லைக்குள் வந்தது. எல்லைக்குள் வாழ்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தப் பங்கைச் சேர்ந்தவர். விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகமாக அங்கே போகும், அதை முழுதாகப் பெறும் பாதிரியார்தான் ரெக்டர். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், எல்லாப் பங்குகளும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். 1601 சட்டத்துக்குப் பிறகு ஏழைகளுக்கான உதவியும் பங்கின் பொறுப்பானது. அதாவது நம் ஊர்க் கணக்கில் வி.ஏ.ஓ. அலுவலகமும் கோயிலும் ஒரே கூரைக்கடியில் இருந்தது மாதிரி. பதிலுக்கு, எல்லைக்குள் வாழும் எந்த ஏழைக்கும் அந்தத் தேவாலயத்தில் திருமணம் செய்துகொள்ள உரிமை உண்டு. பாதிரியாருக்கு அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை.

இப்போது 1834க்கு வாருங்கள். தென்மேற்கே டார்செட் பகுதியில் டால்படல் என்ற கிராமம். விவசாயக் கூலி வாரம் 7 ஷில்லிங்காகக் குறைந்து, 6க்கு இறங்கும் என்ற நிலை. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலித் தொழிலாளி, மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்பவர், சங்கம் அமைத்தார். முன்னதாகக் கூலி பற்றிப் பண்ணையாளர்கள் கொடுத்த வாக்குறுதிக்கு ஊர்ப் பாதிரியார் சாட்சியாக இருந்துவிட்டு, பிறகு அதை மறுத்துவிட்டார் என்று லவ்லெஸ் எழுதியிருக்கிறார். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. அதனால் இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று 1797ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ஆறு பேரை ஏழு ஆண்டு நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், மகன் ஜான் ஸ்டான்ஃபீல்ட், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1836இல் முழு மன்னிப்பு வந்தது, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவர்களுக்கு டால்படலில் யார் வேலை தருவார்கள்? லண்டனில் அமைந்த ஆதரவுக் குழு பணம் திரட்டி, எசெக்ஸில் இரண்டு பண்ணைகளைக் குத்தகைக்கு எடுத்துத் தந்தது. ஒன்று கிரீன்ஸ்டெட்டில் நியூ ஹவுஸ் பண்ணை, மற்றது பக்கத்துப் பங்கான ஹை லேவரில். (தத்துவவாதி ஜான் லாக் அடக்கமாகியிருப்பது அந்த ஹை லேவர் தேவாலய முற்றத்தில்தான்.) எசெக்ஸ் வந்தும் லவ்லெஸ் சும்மா இருக்கவில்லை. தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கக் கூட்டங்கள் பண்ணையில் நடந்தன. பழமைவாதப் பத்திரிகைகள் அலறின. கிரீன்ஸ்டெட் ரெக்டர் பிலிப் ரே, இந்தக் கலகக்காரர்களுக்கு எதிராகப் பீடத்தில் நின்றே பேசினார்.

அந்தத் தேவாலயத்தில்தான் 1839 ஜூன் 20 அன்று ஜேம்ஸ் பிரைனுக்கும் தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்துக்கும் திருமணம் நடந்தது. பதிவேட்டில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. 1837இல் இருந்தே அரசுப் பதிவாளர் முன்னால் மணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் மாறிவிட்டது, தேவாலயத்துக்கு வந்தே ஆக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் வந்தார்கள். தங்களைப் பழித்த பீடத்தின் முன்னால், எல்லைக்குள் வாழ்பவர் என்ற உரிமையில் நின்றார்கள். இந்தச் சுவரின் வயதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், என் மனதில் முதலில் வருவது என்னவோ அந்தத் திருமணம்தான். சில ஆண்டுகளில் ஐந்து குடும்பங்களும் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போய்விட்டன. ஹாமெட் ஒருவர் மட்டும் டால்படலுக்கே திரும்பி, 1891இல் ஏழையர் விடுதியில் இறந்தார்.

கதையின் இன்னொரு முனையையும் சொல்லியாக வேண்டும். 1848இல், அதே பிலிப் ரே ரெக்டராக இருந்த காலத்தில்தான், இந்தச் சுவர் காப்பாற்றப்பட்டது. தண்டுகளின் அடிப்பாகம் ஈரம் ஏறி இற்றுப்போயிருந்தது. இற்ற பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, குட்டையான தண்டுகளைப் புதிய ஓக் அடிக்கட்டையில் பொருத்தி, அதன் கீழே செங்கல் கட்டு கொடுத்தார்கள். கூரையையும் ஜன்னல்களையும் மாற்றிச் செய்தார்கள். விக்டோரியா காலத்தவர் அளவுக்கு மீறிக் கைவைத்துவிட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு, கூரை விஷயத்தில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அடியில் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்று நீங்களும் நானும் பேசுவதற்குச் சுவரே இருந்திருக்காது. தொழிலாளரைப் பழித்ததற்காக ரே மீது எனக்குக் கோபம் உண்டு, சுவரைக் காத்ததற்காக நன்றியும் உண்டு. இரண்டையும் ஒன்றால் மற்றொன்றைக் கழித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

போவதாக இருந்தால்: லண்டன் சென்ட்ரல் லைன் ரயில் முன்பு ஓங்கர் வரை போனது, 1994இல் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். இப்போது எப்பிங் வரை ரயிலில் போய், அங்கிருந்து சாலை வழியாகப் போக வேண்டும். ஓங்கரில் இருந்து வயல் வழியே நடந்தும் வரலாம். 1972இல் இங்கிலாந்து அஞ்சல் துறை கிராமத் தேவாலயங்கள் பற்றி வெளியிட்ட தபால்தலை வரிசையில் 3 பென்ஸ் தலையில் இருப்பது இந்தத் தேவாலயம்தான், தபால்தலை சேர்க்கும் பழக்கம் இருந்தால் தேடிப் பாருங்கள்.

அங்கே போனதும் நேராக உள்ளே நுழைந்துவிடாமல் முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். தண்டுகளின் அடியைக் குனிந்து பார்த்தால் 1848இன் செங்கல் எங்கே முடிந்து பழைய ஓக் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் சிலுவைப் போர் வீரனின் கல்லறை என்று சொல்லப்படும் கல் பலகையைக் காணலாம். உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். சுவரின் உட்புறத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வாச்சி பட்ட தடங்கள் நன்றாகத் தெரியும், நேரே நின்று பார்த்தால் தெரியாது. வெறுங்கையால் தடவ வேண்டாம். அங்கே இன்னும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது, திருமணமும் அடக்கமும் நடக்கின்றன. பராமரிப்பு முதலில் அந்தப் பங்கு மக்களின் பொறுப்பு. அரசு மொத்தமாக எடுத்துச் செய்வதில்லை. உள்ளே ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மறைமாவட்ட அனுமதியும் வேண்டும். கதவருகே காணிக்கைப் பெட்டி இருந்தால் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள், அந்தப் பணம் நேராக மரத்துக்கும் கூரைக்கும் போகும்.